செவ்வாய்க்கிழமை ரொட்டி

எங்கள் வகையறாவில் கணக்கு வராமல் பிறந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். திருமயம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பம். அதில் ஒருவன் ஏழும் எட்டும் பதினாறு என்று சொன்னால் அவனைக் கடையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆவூருக்குக் கிழக்கே செங்கரைப்பட்டியில், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. போன அன்றைக்கே எனக்குக் கணக்குப் பாடத்தைக் கொடுத்தார்கள்.

அறுபதாம் வருஷத்தை ஒட்டிய காலம். மழை ஏமாற்றிக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமை, திருச்சியிலிருந்து லாரியில் வந்து இறங்கும். சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். கோதுமை தீர்ந்ததும் அந்தத் துணியை வெளுத்துப் பையன்களுக்குக் கால்சட்டை தைத்துவிடுவார்கள். கரும்பலகையில் கணக்குப் போட ஒருவனை எழுப்பினால், அவன் திரும்பி நிற்கும்போது பின்பக்கத்தில் இரண்டு தேசங்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்கும். நான் சிரித்துவிடுவேன். என் கணக்குப் பாடம் உருப்படாததற்கு அமெரிக்காவும் ஒரு காரணம்.

அந்தக் கோதுமையை உப்புமாவாக ஆக்கிப் போட்டவள் வியாகுலமேரி. புருஷன் செபமாலை, பங்கின் உபதேசியார். சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்வது, ஞானோபதேசம் கற்பிப்பது, கோயில் மணியடிப்பது, எழவு வீட்டில் முன்னால் நின்று பாட்டெடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பிரம்பை மடியில் கிடத்திக்கொண்டு பத்துக் கட்டளைகளையும் ஒப்பிக்க வைப்பார். எனக்குக் கொடுத்திருந்த அறை அவர்கள் வீட்டோடு ஒட்டியது. விடியும்போது சுவருக்கு அந்தப் பக்கம் திருகை சுற்றுகிற சத்தம்தான் என்னை எழுப்பும். அவள் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ஒரு கையால் கோதுமையைக் குழியில் போட்டுக்கொண்டே மறு கையால் சுற்றுவாள். மாவுத் தூசி எழும்பி அவள் புருவம், கை மயிர், பக்கத்தில் விளையாடுகிற பிள்ளையின் தலை எல்லாம் வெளுத்துவிடும். தாயும் மகளும் ஒரே நாளில் கிழவிகளானது மாதிரி இருக்கும். அந்த உப்புமாவில் எனக்கும் ஒரு பங்கு வரும். எனக்கு அது நன்றாகவே ஒத்துக்கொண்டது. ஊரே வற்றிய பஞ்சத்தில் தொப்பை விழுந்த ஒரே மனிதன் நான்தான்.

அந்தத் தம்பதிக்கு நான் போவதற்கு முன்னால் ஒரு மகள் இருந்தாள். அடைக்கலமேரி. பால் மறந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியதிலிருந்து வயிறு உப்பி, கை கால் சூம்பி, மூன்று வயதுகூட நிறையாமல் போய்விட்டாள். கடைசியில் பிள்ளை வேறெதையும் தொடவில்லையாம். பாலில் நனைத்த பன் மட்டும் கேட்டாளாம். உபதேசியார் கீரனூருக்கு நடந்தே போய் வாங்கி வந்து ஊட்டியிருக்கிறார். நான் பார்த்த முதல் கல்லறைத் திருநாளில், எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறையில் செத்தவர்களுக்குப் பிடித்ததை வைத்து மெழுகுவத்தி ஏற்றியபோது, அந்தச் சின்ன மண்மேட்டில் அவர் ஒரு பன்னை வைத்தார். நிமிர்வதற்குள் காக்காய் வந்துவிட்டது. அவர் விரட்டவில்லை.

இரண்டாவது மகள் சந்தனமேரி. நான் போனபோது கொழுகொழுவென்று தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் மறந்த பிறகு, அக்காளுக்கு வந்த அதே வயிறு இவளுக்கும் வந்தது. வியாகுலமேரிக்கு அப்போதிருந்து பேச்சு குறைந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி எடை பார்ப்பதும் இறக்கி விடுவதுமாக இருந்தாள். இதையும் பறிகொடுக்கப் போகிறோமா என்பது ஒன்றுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் கடலைச் செடியோடு வந்து உட்கார்ந்து, காய் ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"ஏண்டி வியாகுலம், இது தேரை விழுந்த புள்ளைடி. குண்டி வத்திப்போச்சு, வயிறு மட்டும் பானையாட்டம் நிக்கிது பாரு. குடுமியான்மலைப் பக்கம் ஒரு ஆளு மந்திரிக்கிறாராம். வா, போயிட்டு வந்துருவோம்."

"நாங்க வேதக்காரங்கக்கா. மந்திரிக்கப் போனது தெரிஞ்சா சாமியாரு கோயிலுக்குள்ளயே விடமாட்டாரு. இவுக உபதேசியாரு வேற."

"ஒங்க சாமிக்குத் தெரியாம எங்க சாமிகிட்ட போயிட்டு வருவோம்டி. அவுக ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைல?"

வியாகுலமேரி சிரித்துவிட்டாள். ஆனால் போகவில்லை. முத்துமாரியம்மாள் விடுகிறவளா? தானே போய்த் தாயத்து வாங்கி வந்து, பிள்ளையின் அரைஞாணில் சிலுவைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டாள். உபதேசியார் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மணியடிக்கப் போய்விட்டார்.

கீரனூரிலிருந்து சைக்கிளில் வருகிற கம்பவுண்டர் ஏகாம்பரம் சந்தனத்தின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பூசணிக்காய் வாங்குகிற மாதிரி இருந்தது.

"சோத்தை நிப்பாட்டுங்க. அரிசி மந்தம். கோதுமையை ரவையா ஒடைச்சுக் கஞ்சி காய்ச்சி ஊத்துங்க. ஒங்களுக்கென்ன, கோதுமைக்கா பஞ்சம்?"

எங்கள் பக்கத்தில் கோதுமை என்றால் சாப்பாடு இல்லை, பத்தியம். காய்ச்சல்காரனுக்கும் சர்க்கரை வியாதிக்காரனுக்கும் கொடுப்பது. அடைக்கலத்துக்கும் இதே கம்பவுண்டர் இதே கஞ்சியைத்தான் சொல்லியிருந்தார். வியாகுலமேரி தவறாமல் காய்ச்சினாள். நன்றாகத் திரித்து, சலித்து, வறுத்து, கட்டி விழாமல் துழாவி, ஆற்றி, விரலால் வழித்து ஊட்டினாள். பிள்ளைக்கு வயிற்றால் போனால் இன்னொரு கிண்ணம் காய்ச்சினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

"ஒரு வாய்த்தா. எங்கண்ணுல்ல. இது ஒடம்புக்குத்தான். அக்கா மாதிரி ஆத்தாளைத் தவிக்கவிட்டுப் போயிராத. இன்னும் ஒரு வாய்."

பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டு அழும். என்னைக் கேட்டால் உலகத்திலேயே அதிகப் பொறுமையோடு காய்ச்சிய கஞ்சி அதுதான்.

அப்புறம் ஒரு நாள் லாரி வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கப்பல் நின்றுவிட்டது என்றார்கள், துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றார்கள், அமெரிக்காக்காரனுக்கே பஞ்சம் என்று முத்துமாரியம்மாள் சொன்னாள். திருகை சும்மா கிடந்தது. ஊர் பழையபடி வரகுக்கும் கேப்பைக்கும் கம்பங்கூழுக்கும் திரும்பியது. என் தொப்பை என்னைவிட்டுப் பிரிந்தது. பையன்கள் பசியில் பெஞ்சில் படுத்தார்கள். பசித்த பிள்ளைக்கு வகுத்தல் சொல்லித்தருவதைப் போல அற்பமான தொழில் வேறில்லை.

ஊரே மெலிந்த அந்த நாட்களில் சந்தனம் மட்டும் தேறினாள்.

முதலில் வயிற்றுப்போக்கு நின்றது. பிறகு வயிறு இறங்கியது. தொடையில் மடிப்பு விழுந்தது. கேப்பைக் கூழைத் தானே இரண்டு கையாலும் அள்ளித் தின்று மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டு என் வாசலில் வந்து நின்று, "வாத்தி!" என்று கூப்பிட்டாள். மரியாதை இல்லாமல் என்னைக் கூப்பிட்டதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

வியாகுலமேரி அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை பிழைத்தால் செவ்வாய்க்கிழமைதோறும் கோயில் வாசலில் ரொட்டி கொடுக்கிறேன் என்று. அந்தோனியார் ரொட்டி என்று அதற்குப் பெயர். ஏழைகளுக்குப் பிட்டுக் கொடுப்பார்கள்.

"பாத்தீகளா வாத்தியாரய்யா, கேட்டது குடுத்துட்டாரு," என்றாள்.

"தாயத்தும் கொஞ்சம் வேலை பாத்திருக்கும்ல?" என்றாள் முத்துமாரியம்மாள். "எங்காளுக்கும் ஒரு பங்கு சேத்துக்கங்கடி."

லாரி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை உடைத்த கோதுமையோடு மைதா மாவும் இருந்தது. சாமியார் ஒரு சாக்கு மாவை நேர்ச்சைக்கென்று கொடுத்தார். கீரனூர் ரொட்டிக்கடையில் சுட்டு வாங்கி வந்தார்கள். முதல் செவ்வாயன்று சந்தனத்துக்குப் புதுக் கவுன் போட்டு, கூடையை அவள் கையால் தொட வைத்து, முதல் ரொட்டியைச் சாமியார் ஆசீர்வதித்துத் தர, அவளுக்குத்தான் ஊட்டினார்கள். பிழைத்த பிள்ளை முதலில் சாப்பிட வேண்டும், அதுதான் முறை. எனக்கும் ஒன்று கிடைத்தது. சூடாக, நல்ல வாசனையாக இருந்தது. நான் இரண்டு தின்றேன்.

ஆவணி முடிவதற்குள் பிள்ளை பழைய கோலத்துக்கு வந்துவிட்டாள். வாந்தி, பேதி, முகத்தில் வீக்கம். தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தாள். அவள் கேட்டது பன். அதைக் கேட்டதும் வியாகுலமேரி கையிலிருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டாள். சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைத் திருப்பி வைத்தாள்.

"குடுத்துட்டுப் புடுங்குறதுக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்று படத்தின் முதுகைப் பார்த்துக் கேட்டாள். "நான் ஒரு செவ்வாயாச்சும் விட்டேனா? நீதானே ஒத்துக்கிட்ட?"

உபதேசியார் படத்தை நேராகத் திருப்பவில்லை. என் அறைக்கு வந்தார்.

"வாத்தியாரய்யா, திருச்சிக்கு அங்கிட்டு கன்னியாஸ்திரீக நடத்துற ஆசுபத்திரில வெள்ளைக்கார டாக்டர் சிஸ்டர் ஒருத்தவுக இருக்காகளாம். ஒங்களுக்குத்தான் இங்கிலீசு வரும். கூட வாரீகளா?"

எனக்கு இங்கிலீஷ் கணக்கைவிட மோசம். ஆனாலும் போனேன். பஸ்ஸில் உதட்டை அசைத்து அசைத்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்துத் தலைத்துண்டை அவிழ்த்தார். ஆஸ்பத்திரியில் அந்த வாக்கியத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்ததும், நெட்டையான அந்த ஹாலந்து தேசத்து சிஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "தமிழிலேயே சொல்லுங்கள், ஐயா. எனக்கு எளிதாக இருக்கும்," என்றார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். தொடையைப் பிடித்துப் பார்த்தார். மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"வெளுத்து, நொரையா, சோப்புத் தண்ணியாட்டம் போகுது சிஸ்டர். எண்ணெயாட்டம் மெதக்கும். நாத்தம் தாங்காது."

"இவள் எப்போது நன்றாக இருந்தாள், அம்மா?"

அதுவரைக்கும் பார்த்த எல்லோரும் எப்போது சீக்கு வந்தது என்றுதான் கேட்டிருந்தார்கள். வியாகுலமேரி கொஞ்சம் முழித்தாள்.

"பஞ்சத்துல நல்லா இருந்தா, சிஸ்டர்."

"பஞ்சத்தில் என்ன கொடுத்தீர்கள்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கேப்பை, வரகு, கம்பங்கூழு. குடுக்க வேற ஒண்ணுமில்லாமப் போச்சு."

"அதற்கு முன்னால்?"

"நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். கோதுமைக் கஞ்சி. நானே திரிச்சது."

"அதற்குப் பிறகு?"

"ரொட்டி."

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, மெதுவாக, புத்தகத் தமிழில் சொன்னார். இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் அவர் நாட்டில் ரொட்டி இல்லையாம். கிழங்கும் கிடைத்ததும் தின்று எல்லாப் பிள்ளைகளும் மெலிந்தார்களாம். இதே போல வயிறு உப்பிக் கிடந்த சில பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம். யுத்தம் முடிந்து ரொட்டி வந்ததும் மறுபடியும் விழுந்தார்களாம். அங்கே ஒரு டாக்டர் அதைக் கவனித்து எழுதினாராம்.

பிறகு எழுந்து, கை துடைக்கிற துவாலையை எடுத்து வந்தார்.

"பாருங்கள். நூல் நூலாக எழும்பி நிற்கிறது. அதனால்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. குடலுக்குள்ளும் இப்படித்தான். இவளுக்குக் கோதுமை பட்டால் இந்த நூலெல்லாம் தேய்ந்துபோகும். பிறகு எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. கோதுமையை நிறுத்தினால் மறுபடியும் முளைக்கும்."

"எத்தனை நாளைக்கு நிறுத்தணும், சிஸ்டர்?" என்றார் உபதேசியார்.

"ஆயுள் முழுவதும். ஒரு துளிகூடக் கூடாது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், பருப்பு, எல்லாம் கொடுக்கலாம். மருந்து அதுதான்."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. பிள்ளை பிழைத்துவிட்டாள், இனிமேல் சோறு போட்டால் போதும். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். வியாகுலமேரி மட்டும் துவாலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"இது கூடப்பொறந்ததுகளுக்கும் வருமா, சிஸ்டர்?"

"வரலாம். குடும்பத்தில் வரக்கூடியதுதான். வேறு பிள்ளை இருக்கிறதா?"

வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணு இருந்துச்சு சிஸ்டர்," என்றார் உபதேசியார். "அது காய்ச்சல்ல போயிருச்சு. அது வேற."

பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாம் கட்டளையைத் தப்பாகச் சொன்ன பையன்களைப் பிரம்பால் அடிக்கிற மனுஷன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவருக்குக் குரல் ஏறிப்போயிருந்தது. வியாகுலமேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது.

"ஆமா சிஸ்டர்," என்றாள். "காய்ச்சல்தான்."

சிஸ்டர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு துவாலையை வாங்கி மடித்து வைத்தார்.

பிள்ளையை வார்டில் வைத்துக் குழைந்த சோறும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். அவள் நர்சை "வாத்தி" என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்த அன்றைக்கே வியாகுலமேரி உப்புமா ஆக்குகிற வேலையை விட்டாள். திருகையை முத்துமாரியம்மாளிடம் தூக்கிக் கொடுத்தாள். சட்டி, பானை, அகப்பை, முறம், சல்லடை எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டுப் புதுச்சட்டி வாங்கினாள். சுவரைச் சாணிபோட்டு மெழுகி, உத்தரத்தில் படிந்திருந்த மாவுத் தூசியை ஏணி வைத்துத் துடைத்தாள். ஊர் சும்மா இருக்குமா? கோயில் கோதுமையை வேண்டாம் என்கிற அளவுக்கு உபதேசியார் வீட்டில் கொழுப்பு ஏறிவிட்டது என்றார்கள். ஒரு கலியாண வீட்டில் யாரோ பாசத்தில் பிள்ளை கையில் பிஸ்கோத்தைக் கொடுத்து, அது மூன்று நாள் படுத்துவிட்டது. அதன்பிறகு வியாகுலமேரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"எம்புள்ளைக்கு ஒண்ணும் குடுக்காதீக. கோவிச்சுக்கிறாதீக. கோதுமை அதுக்கு வெசம்."

"சாப்புடுற பொருளைப் போயி வெசங்கிறாளே," என்று பின்னால் பேசினார்கள். சந்தனமோ, யார் எதை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு ஆவாது," என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லப் பழகிவிட்டாள். நான் ஒரு தடவை சாக்பீஸை நீட்டினேன். அதற்கும் ஆவாது என்றாள்.

நேர்ச்சையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று வியாகுலமேரிக்கு இருந்தது. சாமியாரிடம் போய் நின்றாள்.

"ரொட்டிக்குப் பதிலா அரிசிக் கொழுக்கட்டை குடுத்தா அந்தோனியாரு ஏத்துக்குவாரா, சாமி?"

சாமியார் தாடியைத் தடவினார். "அவர் பிறந்த ஊரில் கொழுக்கட்டை கிடையாது. ருசி பார்க்கட்டும்," என்றார். ஆனால் வருங்காலத்தில் பிள்ளைக்குப் புதுநன்மை என்று முதன்முதலாக நற்கருணை கொடுக்கும்போது, அந்த அப்பமும் கோதுமைதானே என்று அவள் கேட்டதும் தாடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இன்னும் வருஷம் இருக்கிறது. அப்போது பார்ப்போம்," என்று உள்ளே போய்விட்டார்.

இப்படியாகச் செங்கரைப்பட்டியில் அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் கொழுக்கட்டை ஆயிற்று. முத்துமாரியம்மாள் முதல் ஆளாக வந்து நின்றாள். "எங்க பிள்ளையாருகிட்டருந்து கடன் வாங்கிட்டீகளாடி?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு வாங்கிக்கொண்டாள். படத்தை எப்போது நேராகத் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. சந்தனத்துக்குக் கன்னம் உப்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் விடியற்காலையில் திருகைச் சத்தம் இல்லை. தூக்கம் கலையாமல் நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். அந்த வீட்டில் அடைக்கலத்தின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. புருஷன் சொன்னதைப் பெண்டாட்டி நம்பிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். என் கணக்கு எப்போது சரியாக வந்திருக்கிறது?

கல்லறைத் திருநாள் வந்தது. தூறல். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் நனைந்து நீலம் பாரித்திருந்தன. மெழுகுவத்தி அணையாமலிருக்கச் சிரட்டைகளுக்குள் வைத்திருந்தார்கள். பொரி, அதிரசம், சுருட்டு, ஒரு கல்லறையில் மூக்குப்பொடி டப்பாகூட இருந்தது. உபதேசியார் எல்லாக் கல்லறைக்கும் ஜெபம் சொல்லிவிட்டுக் கடைசியாகத் தன் மகளிடம் வந்தார். வேட்டி மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பன்.

கொண்டுவராமல் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அப்புறம்தான் விளங்கியது. கொண்டுவராவிட்டால், அடைக்கலம் எதனால் போனாள் என்பதற்கு அது ஒரு பதிலாகிவிடும். அந்தப் பொய் நிற்க வேண்டுமென்றால் வருஷாவருஷம் அந்தப் பன் வந்தாக வேண்டும். அவர் அதை மேட்டின் தலைமாட்டில் வைத்து, கைகூப்பி, கண்ணை மூடி, "எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார்.

வியாகுலமேரி சந்தனத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். பன்னை எடுத்தாள். ஈரத்தில் ஊறி அதன் அடி பிய்ந்து மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, விரல் நுனியை எச்சிலில் தொட்டுத் தொட்டு, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். பிறகு மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். குழையக் காய்ச்சிய சோறு. கட்டி விழாமல், விரலால் மசித்தது.

உபதேசியார் கண்ணைத் திறந்திருந்தார். ஜெபம் நின்றுபோயிருந்தது. அவள் பன்னை அவர் கையில் வைத்தாள்.

"அவளுக்கு ஆவாதுங்க," என்றாள்.

அவர் கையில் பன்னோடு நின்றார். நாலு வயதிலிருந்து சொல்லிவருகிற ஜெபம். விட்ட இடம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள்தான் அடியெடுத்துக் கொடுத்தாள்.